வேம்பு என்னும் பெயர்

நாம் வாழும் காலடிப்பேட்டையின் பெயரே ஒரு வரலாற்றுப் பாடம். 1717 முதல் 1720 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றி அமைத்த பேட்டை இது. காலெட் பேட்டை என்று வழங்கியது மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. ஆளுநரின் பெயர் மறைந்தது; மக்களின் உச்சரிப்பு நிலைத்தது. பெயரைச் சூட்டுவோர் ஒருவராகவும், அதனை வாழ்விப்போர் வேறொருவராகவும் இருத்தல் கூடும் என்பதற்கு இதைவிட அருகிலுள்ள சான்று நமக்கு வேண்டுவதில்லை.

ஊர்ப்பெயருக்கு வரலாறு இருப்பதுபோல் ஆட்பெயருக்கும் உண்டு. நம் பாட்டன் பாட்டியர் தாங்கிய பெயர்களுள் ஒன்று வேம்பு. வேம்பன், வேம்பம்மாள், வேம்புலி என அதற்குப் பல வடிவங்கள் உண்டு. இன்று பெரும்பாலும் முதியோர் பெயராகவே நாம் கேட்கும் இப்பெயர் எங்கிருந்து வந்தது, ஏன் பரவிற்று, ஏன் தேய்ந்தது என்பவற்றை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் வேண்டும். கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் இச்சிறு கட்டுரை அதற்கென எழுதப்படுகிறது.

மன்னர் சூடிய பூ

வேம்பு நாட்டுப்புறத்து மரம், அதன் பெயரும் நாட்டுப்புறத்துப் பெயர் என்று சிலர் எண்ணுவர். தமிழின் பழைய இலக்கணம் அவ்வாறு எண்ணவில்லை. மூவேந்தரின் அடையாளப் பூக்களாகத் தொல்காப்பியம் கூறுபவை பனையும் வேம்பும் ஆத்தியுமே. பனை சேரனுக்கு உரியது. ஆத்தி சோழனுக்கு உரியது. வேம்பு பாண்டியனுக்கு உரியது. போருக்குச் செல்லும் பாண்டியன் வேப்பம்பூமாலை சூடினான். ஆதலால் வேம்பன் என்ற சொல்லே பாண்டியனைக் குறிக்கும் பெயராயிற்று.

மரஞ்செடிகளால் மக்களுக்குப் பெயர் அமைதலும் புதுவழக்கன்று. புறநானூற்றின் 233, 234ஆம் பாடல்களைப் பாடிய புலவரின் பெயர் வெள்ளெருக்கிலையார். எருக்கிலையின் பெயரால் வழங்கப்பட்டவரைச் சான்றோர் வரிசையில் வைத்து எண்ணியது அக்காலம். சிலப்பதிகார மாதவியின் பெயரும் குருக்கத்திக் கொடியைக் குறிப்பதே.

அம்மையும் வேம்பும்

அரசர் போயினர், அவர் சூடிய மாலையும் போயிற்று. மரம் மட்டும் மக்களிடம் நின்றது. பெரியம்மை ஊர் ஊராகக் கொள்ளை கொண்ட காலங்களில் வேம்பு மாரியம்மனின் மரமாயிற்று. நோயுற்ற வீட்டின் வாயிலில் வேப்பிலை செருகினர்; நோயாளியின் படுக்கையில் பரப்பினர்; தலைக்கு ஊற்றும் நீரிலும் இட்டனர். வேப்பிலை பெரியம்மையைத் தீர்க்கும் மருந்தன்று. எனினும், இங்கே நோய் உண்டு, உள்ளே வாராதீர் என்று அயலார்க்கு அறிவிக்கும் அடையாளமாக அது பயன்பட்டது. மருத்துவமனை எட்டாத் தொலைவிலிருந்த நம் முன்னோர்க்குக் கைக்கு எட்டிய காவல் அதுவே.

அம்மனை வேண்டிப் பெற்ற பிள்ளைக்கும், அம்மையினின்று பிழைத்த பிள்ளைக்கும் மாரி, முத்து, வேம்பு என்று பெயரிட்டனர். அம்மைக் கொப்புளத்தை முத்து என்றே அழைத்தனர். சென்னையைச் சுற்றியுள்ள பகுதிகளில் வேம்புலியம்மன் கோயில்கள் பல உள்ளன. வேம்புலி என்னும் ஆட்பெயரும் அவ்வழியே வழங்கலாயிற்று. ஆகவே வேம்பு என்பது ஒரு தாயின் அச்சமும் நன்றியும் சேர்ந்து பிறந்த பெயர். முந்திப் பிறந்த பிள்ளைகளை இழந்த தாய், அடுத்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்தி எடுத்துக் குப்பன் என்றோ குப்பம்மாள் என்றோ பெயரிட்டதும் இவ்வகையினதே. அப்பெயர்களைக் கேட்டு நகைப்போர் அவற்றின் பின்னுள்ள கண்ணீரை அறியார்.

பெயருக்கும் விதித்த விதி

மனுதர்மம் பெயரிடும் முறைக்கும் விதி செய்தது. அதன் இரண்டாம் அத்தியாயம் 31ஆம் சுலோகம், பிராமணன் பெயர் மங்கலமும், க்ஷத்திரியன் பெயர் வலிமையும், வைசியன் பெயர் செல்வமும் குறிக்க வேண்டும் என்கிறது. சூத்திரன் பெயரோ இழிவைக் குறிக்க வேண்டும் என்கிறது. மூன்றாம் அத்தியாயம் 9ஆம் சுலோகம், மணக்கத் தகாத பெண்களைக் கூறுமிடத்து, நட்சத்திரம், மரம், ஆறு, மலை, பறவை முதலியவற்றின் பெயர் கொண்டவளையும் சேர்க்கிறது. மரத்தின் பெயரைத் தாங்கினாள் என்பதற்காகவே ஒரு பெண்ணை விலக்கச் சொன்ன நூல் அது. நான்கு வருணத்துக்கும் புறத்தே தள்ளப்பட்ட மக்களுக்கு அந்நூல் எந்த மதிப்பை விட்டுவைத்திருக்கும் என்பதை விளக்க வேண்டுவதில்லை. 1927 டிசம்பர் 25ஆம் நாள் மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் அந்நூல் எரிக்கப்பட்டதன் காரணங்களை எண்ணும்போது இதனையும் எண்ணிக்கொள்ளலாம்.

நடைமுறையில் இவ்விதியை எல்லாரும் பின்பற்றினர் என்று கூற முடியாது. வேம்பு என்னும் பெயர் நம் சமூகத்துக்கு மட்டும் உரியதன்று. வேம்பு ஐயர் என்று பெயர் கொண்டோரும் தமிழ்நாட்டில் வாழ்ந்தனர். மரம் ஒன்றே, பெயரும் ஒன்றே. ஆனால் அங்கே வேம்புவுக்குப் பின்னால் ஒரு பட்டம் நின்றது. கேட்போர் மரியாதையுடன் விளித்தனர். இங்கே பட்டமில்லை, நரைத்த தலையினரையும் சிறுவர்கூட ஒருமையில் அழைத்தனர். எனவே இழிவு பெயரில் இருந்ததன்று. அழைத்தவர் நாவில் இருந்தது.

மேலை நாட்டுத் தாவர நூலார் 1830இல் இம்மரத்துக்கு இட்ட பெயர் அசாடிராக்டா. அது பாரசீகச் சொல்லினின்று பிறந்தது. ஆசாத் என்றால் விடுதலை பெற்ற, உயர்ந்த என்று பொருள். திரக்த் என்றால் மரம். நம் தெருமுனையில் நிற்கும் வேம்பை வேற்றுமொழியினர் விடுதலை மரம் என்று அழைத்திருக்கின்றனர்.

பெயர் மாற்றிய காலம்

பெயரில் உரிமை உண்டு என்பதை முதலில் உணர்ந்தோருள் நம் முன்னோடிகளும் இருந்தனர். 1845இல் பிறந்த காத்தவராயன் தம் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தையும், 1907இல் ஒரு பைசாத் தமிழன் இதழையும் தொடங்கினார். எம். சி. ராஜா அவர்கள் சட்டமன்றத்தில் முயன்றதன் பயனாக 1922 மார்ச் 25ஆம் நாள் அரசாணை பிறந்தது. இழிவாக வழங்கிய சமூகப் பெயர்களுக்கு மாறாக ஆதிதிராவிடர் என்னும் பெயர் அரசு ஆவணங்களில் ஏறியது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின் சாதிப்பட்டம் இடுவதை விடுமாறு தீர்மானித்தது. பட்டம் நீங்கியபின் தமிழ்நாட்டில் பலர் பெயர்கள் தந்தையின் முதலெழுத்தோடு மட்டும் நிற்கலாயின.

இதே காலத்தில் தனித்தமிழ் இயக்கமும் பகுத்தறிவு இயக்கமும் புதிய பெயர்களைத் தந்தன. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் அண்ணல் பௌத்தம் தழுவியபின் கௌதமன், சித்தார்த்தன், அசோகன் முதலிய பெயர்களும் நம் இல்லங்களில் விரும்பி ஏற்கப்பட்டன. திரைப்படமும் தன் பங்குக்குப் பெயர்களை வழங்கிற்று. மறுபுறம் அம்மை நோயும் ஒழிந்தது. இந்தியாவில் இறுதியாகப் பெரியம்மை கண்டது 1975இல். உலகம் முழுவதும் அந்நோய் ஒழிந்ததென்று 1980இல் அறிவிக்கப்பட்டது. நேர்ந்துகொள்ளக் காரணம் இல்லாதபோது வேம்பு என்று பெயரிடுவதும் குறைந்தது.

இவை இயல்பான மாற்றங்கள். நோய் ஒழிந்ததால் ஒரு பெயர் அருகுவது வருந்தத் தக்கதன்று, மகிழத் தக்கது. விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு இடுவதும் பெற்றோரின் உரிமை. ஆனால் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அது வெட்கம். பள்ளியிலும் பணியிடத்திலும் பிறர் நகைப்பரென்று அஞ்சித் தன் பாட்டனின் பெயரைச் சொல்லத் தயங்கும் இளைஞரை நாம் காண்கிறோம். இக்காரணம் ஒன்றே நாம் நீக்க வேண்டியது.

2021இல் வெளிவந்த சார்பட்டா பரம்பரை என்னும் திரைப்படம் வடசென்னைக் குத்துச்சண்டை உலகைக் காட்டிற்று. அதில் எளிதில் வெல்ல முடியாத வீரனின் பெயர் வேம்புலி. முதியோர் பெயரென்று ஒதுக்கியதை அவ்வாண்டு இளைஞர்கள் உரக்கச் சொன்னார்கள். பெயர் மாறவில்லை, அதனைச் சொல்லும் குரல்தான் மாறியது.

இளைஞர்களே! மன்னர் பெயர்கள் கல்வெட்டில் உள்ளன. துறைமுகத்திலும் ஆலையிலும் உப்பளத்திலும் உழைத்த நம் முன்னோரின் பெயர்களைப் பொறிக்க எவரும் கல் நடவில்லை. ஆகவே அப்பணி நம்முடையது. இவ்விழா முடிந்து இல்லம் திரும்பியதும் ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆயாவிடமும் தாத்தாவிடமும் அமர்ந்து, அவர்கள் பெயரையும், அவர்தம் பெற்றோர் பெயரையும், அப்பெயரை யார், எதற்காக வைத்தார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். முதியோர் இருக்கும்போதே இதனைச் செய்தல் வேண்டும். அவ்வேட்டில் வேம்பு என்றோ குப்பம்மாள் என்றோ ஒரு பெயர் வருமானால், அதனைச் சுருக்காமலும் மாற்றாமலும் முழுமையாக எழுதுங்கள்.