தும்மலுக்கு மருந்து தேடியவர்கள்

ஜூன் மாதம் பிறந்தால் இங்கிலாந்தில் புல்வெளிகள் பூக்கும். நீண்ட குளிர்காலம் முழுவதும் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மக்கள் வெயிலைத் தேடி வெளியே வருவார்கள். எல்லோரும் ஆவலோடு எதிர்நோக்கும் அந்த மாதம் நெருங்க நெருங்க மனம் கலங்கிய ஒருவர் லண்டனில் இருந்தார். ஜான் பாஸ்டாக் என்பது அவர் பெயர், தொழிலால் வைத்தியர். எட்டு வயது முதல் ஆண்டு தவறாமல் ஜூனில் தம்மைப் பற்றிக்கொண்டு, ஜூலை முடியும்போது தானாகவே விலகிப்போன ஒரு விசித்திர வியாதியைப் பற்றி, 1819 மார்ச் 16ஆம் தேதி, தமது 46ஆம் வயதில், அந்நகரத்து வைத்திய சங்கத்தின் முன் அவர் ஒரு கட்டுரை படித்தார். யாரோ ஒரு நோயாளியைப் பற்றிய விவரம்போல அமைந்த அக்கட்டுரையின் நோயாளி அவரேதான்.

முதலில் இமையோரங்களில் உஷ்ணமும் கனமும் தோன்றும், பிறகு விழி முழுவதும் சிவந்து எரிந்து நீர் வழியும், தலை கனக்கும், அடுக்கடுக்காகத் தும்மல் வரும், முடிவில் மார்பு இறுகி மூச்சு திணறும். இவ்வளவையும் ஒன்றன்பின் ஒன்றாக, வந்த வரிசை மாறாமல் பதிவு செய்திருக்கிறார் பாஸ்டாக். அவர் செய்துகொண்ட சிகிச்சைகளின் வரிசையைப் படிக்கும்போது மனம் பதைக்கிறது. இரத்தம் வாங்கினார்கள், பேதிக்குக் கொடுத்தார்கள், தோலில் கொப்புளம் எழும்படி பிளாஸ்திரி போட்டார்கள், சின்கோனாப் பட்டை, இரும்பு, அபினி, பாதரசம், டிஜிடாலிஸ் என்று அக்காலத்து மருந்துப் பெட்டியில் இருந்த ஔஷதங்கள் அனைத்தும் அந்த ஒரு தேகத்தில் பரீட்சிக்கப்பட்டன, எதுவும் பயன் தரவில்லை. ஓரளவு சுகம் கண்டது ராம்ஸ்கேட் கடற்கரையில் வீடெடுத்துத் தங்கிய கோடைகளில் மட்டுமே. சாதாரண ஜனங்கள் அறுத்த புல்லின் வாடையே நோய்க்குக் காரணம் என்று சொல்லி, ஹே பீவர் என்று பெயரும் இட்டார்கள். பாஸ்டாக் அதை ஏற்காமல் வெயிலின் மேல் பழியைப் போட்டார். காரணத்தை அவர் தவறவிட்டது உண்மை. ஆயினும் தம் வேதனையை ஒளிக்காமலும் மிகைப்படுத்தாமலும் எழுதிவைத்த அந்த நேர்மைக்கு, அவருக்குப் பின் வந்த மருத்துவ உலகம் முழுவதும் கடன்பட்டிருக்கிறது.

தவறிய காரணத்தைக் கண்டுபிடித்தவரும் அதே நோயில் வருந்திய ஒரு வைத்தியர்தான். மான்செஸ்டர் நகரத்தில் தொழில் செய்த சார்லஸ் பிளாக்லி, ஒருநாள் கிராமப் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு வண்டி கடந்து போயிற்று. அது கிளப்பிய புழுதி முகத்தில் பட்டதுதான் தாமதம், அடங்காத தும்மல் பிடித்துக்கொண்டது. வேறொருவராயிருந்தால் வண்டிக்காரனைச் சபித்துவிட்டு நடந்திருப்பார். பிளாக்லியோ அந்தப் புழுதியை எடுத்துச் சென்று நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தார். புல்லின் மகரந்தத் தூள் அதில் நிறைந்து கிடந்தது.

அன்று தொடங்கி அவர் செய்த பரிசோதனைகளைப்போல் பொறுமையும் சிரத்தையும் நிறைந்தவை மருத்துவ சரித்திரத்தில் அதிகமில்லை. வெயில், வெளிச்சம், தூசி, வாசனைப் பொருள்கள் என்று சந்தேகத்துக்கு இடமான ஒவ்வொன்றையும் தனித்தனியே தம்மீது பிரயோகித்து, குற்றமற்றவற்றை ஒவ்வொன்றாக விலக்கினார். சேமித்து வைத்த மகரந்தத்தை, நோயின் சுவடே இல்லாத குளிர்காலத்தில் மூக்கில் வைத்துத் தும்மலை வரவழைத்தார். தோலைச் சற்றே கீறி அதில் மகரந்தத்தைத் தடவி, அந்த இடம் தடித்து அரிப்பதைக் கண்டார். இன்றும் ஒவ்வாமை நிபுணர்கள் முழங்கையின் கீழே செய்யும் பரிசோதனை அதுவே. கிளிசரின் பூசிய கண்ணாடிச் சில்லுகளைத் திறந்தவெளியில் வைத்து, அவற்றில் ஒட்டிய மகரந்த மணிகளை நாள்தோறும் எண்ணினார். எண்ணிக்கை உயர்ந்த நாளில் தம் உபத்திரவமும் உயர்ந்ததைக் குறித்தார். ஆயிரம் அடிக்கு மேலே காற்று சுத்தமாக இருக்குமோ என்று அறியக் காற்றாடியில் சில்லுகளைக் கட்டிப் பறக்கவிட்டபோது, அங்கும் மகரந்தம் இருந்தது. இவ்வளவையும் தொகுத்து அவர் நூலாக வெளியிட்டது 1873இல். நாள் முழுவதும் புல்லிலேயே உழலும் குடியானவர்களுக்கு இந்நோய் அரிதாகவும், நகரத்துப் படித்தவர்களுக்கு மிகுதியாகவும் இருப்பதேன் என்ற கேள்வியையும் அதில் எழுப்பியிருக்கிறார். அதன் முழு விடை இன்றுவரை ஆராயப்பட்டே வருகிறது.

அமெரிக்காவில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் ராக்வீட் என்னும் களை பூத்து இதே அல்லலைத் தரும். அக்காலத்தில் வசதியுள்ளவர்கள் அந்த வாரங்களில் நியூ ஹாம்ப்ஷயர் மலைகளுக்கு ஓடிவிடுவார்கள்; நோயாளிகள் கூடி 1874இல் அங்கே ஒரு சங்கமே நிறுவினார்கள். ஹார்வர்டு பேராசிரியர் மாரில் வைமன் அந்தக் களையை மூட்டையாகக் கட்டி மலைக்கே கொண்டுபோய்ப் பிரித்து, தாமும் தம் மகனும் முகர்ந்து பார்க்க, மலையின் சுகம் அந்த நிமிஷமே மறைந்து இருவரும் தும்மத் தொடங்கினார்கள். இவ்வாறு நோயின் மூலம் தெளிவாயிற்று; மருந்துதான் இல்லை. கடலுக்கும் மலைக்கும் போகப் பணமில்லாத குமாஸ்தாவும் பள்ளி ஆசிரியரும் கைக்குட்டையே கதியென்று பருவத்தைக் கழித்தார்கள்.

லண்டன் செயின்ட் மேரி ஆஸ்பத்திரியில் லெனார்ட் நூன், புல் மகரந்தத்தின் சாரத்தை மிகச் சிறு அளவில் ஊசி மூலம் ஏற்றி, அளவைப் படிப்படியாகக் கூட்டி உடலைப் பழக்கலாம் என்று 1911இல் எழுதினார். இரண்டே ஆண்டுகளில் காசநோய் அவரைக் கொண்டுபோயிற்று. அவர் நண்பர் ஜான் ப்ரீமன் அந்தப் பணியைத் தொடர்ந்தார். அவர்கள் வகுத்த முறை நூறாண்டு கடந்தும் கையாளப்படுகிறது.

மாத்திரை வந்தது வேறு வழியில். ஒவ்வாமையின்போது உடலின் உயிரணுக்கள் ஹிஸ்டமின் என்னும் பொருளை வெளிவிடுகின்றன. தும்மல், அரிப்பு, நீர்வடிதல் ஆகியவற்றில் பெரும்பங்கு அதன் வேலை. பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் டேனியல் போவே என்பவரும் அவர் மாணவி ஆன்மரி ஸ்டாபும், ஹிஸ்டமின் போய் அமரும் இடத்தில் முந்திச் சென்று அமரக்கூடிய ஒரு ரசாயனத்தை 1937இல் கண்டார்கள். நச்சுத்தன்மை மிகுந்திருந்ததால் அது மனிதருக்கு உதவவில்லை. ஆனால் அது காட்டிய வழியில் 1942இல் பிரான்சிலும், 1946இல் அமெரிக்காவிலும் பயனுள்ள மருந்துகள் நோயாளிகளின் கைக்கு வந்தன. அவை மூளைக்குள்ளும் புகுந்து தூக்கத்தை வரவழைத்தன. அக்குறையைப் பெரிதும் நீக்கி 1980களில் வந்த தலைமுறையைச் சேர்ந்ததே நம் ஊர் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் செட்ரிசின்.

நோயாளியே ஆராய்ச்சியாளரான பரம்பரையில் இன்னொருவரையும் சொல்லாமல் விட முடியாது. ஆஸ்துமாவால் அவதிப்பட்ட ரோஜர் அல்துனியன் என்னும் டாக்டர், கினிப்பன்றி ரோமத்தின் கஷாயத்தைச் சுவாசித்துத் தமக்குத் தாமே மூச்சுத்திணறலை உண்டாக்கிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் புதிய ரசாயனங்களைப் பரீட்சித்தார். அதன் பலனாக 1965இல் கிடைத்த குரோமோகிளைகேட் இன்று கண்சொட்டு மருந்தாகவும் உதவுகிறது.

ஒருவருக்குக் கேட்ட மருந்து மற்றவருக்குக் கேட்பதில்லை. மாத்திரையில் அடங்காத மூக்கடைப்பு, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தில் அடங்குவதும் உண்டு. ஆதலால், ஆண்டுதோறும் குறிப்பிட்ட பருவத்தில் தும்மலால் வருந்தும் வாசகர்கள், எந்தத் தேதியில், எந்த இடத்தில், எது பூத்திருந்தபோது தொல்லை தொடங்கியது, எந்த மருந்து எவ்வளவு நேரம் தாங்கியது, தூக்கம் வந்ததா என்பவற்றை ஒரு நோட்டில் குறித்துவைத்து, அந்த நோட்டோடு டாக்டரிடம் செல்லுங்கள்.