மருந்தும் பென் டிரைவில்தான் வந்தது

போன தீபாவளிக்குத் தியாகதுருகம் போயிருந்தேன். பையை இறக்கி வைப்பதற்குள் அப்பா சொன்னார்: "கம்ப்யூட்டர்ல வைரஸ் பூந்துடுச்சுப்பா. சும்மா சுத்திக்கிட்டே இருக்கு. ஃபார்மேட் பண்ணிடலாமா?"

ஃபார்மேட் என்ற வார்த்தையைக் கேட்டால் இன்றும் எனக்கு வயிற்றில் ஏதோ செய்யும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டில் இருப்பது 2016-இல் வாங்கிய கம்ப்யூட்டர். 4 ஜிபி ராம், பழைய மாடல் ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. ஆன் பண்ணிவிட்டு அடுப்படிக்குப் போய் டீ போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருவழியாக டாஸ்க் மேனேஜர் திறந்தது. டிஸ்க் என்ற இடத்தில் 100% என்று சிவப்பாக நின்றது. யார் அப்படிப் போட்டு அரைக்கிறார்கள் என்று பார்த்தேன். வைரஸ் எதுவும் தென்படவில்லை. அரைத்துக்கொண்டிருந்தவர்கள் காவலாளிகள். வாங்கும்போதே கூட வந்து, காலக்கெடு முடிந்தும் போகாத ஆன்டிவைரஸ் ஒன்று. நடுவில் யாரோ போட்டுக் கொடுத்த இன்னொன்று. 'உங்கள் கம்ப்யூட்டரை வேகமாக்குகிறேன்' என்று சொல்லி உள்ளே வந்த மூன்றாவது ஒன்று.

நோயைத் தேடினால் மருந்து மட்டும்தான் கிடைத்தது. இந்த மருந்து நம் ஊர்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று யோசித்துப் பார்த்தால் அது ஒரு தனி வரலாறு.

*

பிசிக்களைத் தாக்கிய முதல் வைரஸ் நமக்கு ரொம்பத் தூரத்தில் பிறந்ததில்லை. 1986-இல் லாகூரில் பாசித் ஃபரூக் ஆல்வி, அம்ஜத் ஃபரூக் ஆல்வி என்ற சகோதரர்கள் எழுதியது. பெயர் பிரெய்ன். தாங்கள் எழுதிய மருத்துவ மென்பொருளைப் பிறர் திருட்டுத்தனமாகக் காப்பி அடிப்பதைத் தடுக்கத்தான் எழுதினோம் என்றார்கள். ஃபிளாப்பியின் முதல் பகுதியில் போய் உட்கார்ந்துகொள்ளும். டிரைவை மெதுவாக்கும். பெரிதாக எதையும் அழிக்காது. உள்ளே ஒரு செய்தி இருந்தது: வைரஸ் ஜாக்கிரதை, தடுப்பூசிக்கு எங்களைத் தொடர்புகொள்ளுங்கள். கூடவே கடையின் முகவரியும் போன் நம்பரும்.

யோசித்தால் சிரிப்பு வரும். முதல் பிசி வைரஸே மருந்துக்கடை விலாசத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் பயணம் போயிருக்கிறது.

அதற்கு முன்பே, 1983-இல், அமெரிக்காவில் ஃபிரெட் கோஹன் என்ற மாணவர் இப்படிப்பட்ட நிரல் ஒன்றை எழுதிச் சோதித்திருந்தார். 'வைரஸ்' என்ற பெயர் அவருடைய ஆசிரியர் லியோனார்ட் ஏடில்மன் தந்தது. கோஹன் இன்னொரு காரியமும் செய்தார். எல்லா வைரஸையும் தவறில்லாமல் கண்டுபிடிக்கும் நிரலை யாராலும் எழுத முடியாது என்று நிரூபித்தார். நிரூபணம் எளிது. அப்படி ஒரு சர்வ வல்லமை படைத்த ஆன்டிவைரஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான் ஒரு நிரல் எழுதுகிறேன். அது முதலில் அந்த ஆன்டிவைரஸிடம் "நான் வைரஸா?" என்று கேட்கும். "ஆமாம்" என்று பதில் வந்தால் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும். "இல்லை" என்று வந்தால் பரவ ஆரம்பிக்கும். எந்தப் பதில் சொன்னாலும் ஆன்டிவைரஸ் சொன்னது பொய்யாகிவிடும். கதை முடிந்தது.

ஆக, ஆன்டிவைரஸ் என்பது முதல் நாளிலிருந்தே ஊகம்தான். நல்ல ஊகம், பயிற்சி பெற்ற ஊகம். ஆனால் ஊகம்.

*

இந்தியாவில் இந்த ஊக வியாபாரத்தின் ஒரு வேர் பழுது பார்க்கும் மேஜையில் இருக்கிறது. புனேயில் கைலாஷ் கட்கர் கால்குலேட்டர் ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். பிறகு கம்ப்யூட்டர் பழுது பார்க்க ஆரம்பித்தார். வருகிற மெஷின்களில் வைரஸ் தொல்லை. கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த தம்பி சஞ்சய் அதற்குக் கருவிகள் எழுதினார். அதிலிருந்துதான் 1990-களின் நடுவில் குவிக் ஹீல் வந்தது. சென்னையில் அதே பத்தாண்டின் தொடக்கத்தில் ஜெ. கேசவர்தனன் கே7 கம்ப்யூட்டிங்கைத் தொடங்கினார். அந்த ஆன்டிவைரஸ் பின்னாளில் ஜப்பான் வரை போய் விற்றது.

ஆனால் கள்ளக்குறிச்சிப் பக்கம் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தபோது நிலைமை வேறு. ஆன்டிவைரஸ் என்பது தினமும் பால் வாங்குவது போல. புது வைரஸ்களின் அடையாளங்கள் தினமும் வந்து சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். அப்படி வந்து சேர இன்டர்நெட் வேண்டும். எங்கள் தெருவில் 2000-களில் கம்ப்யூட்டர் வைத்திருந்த மூன்று வீடுகளில் எதிலும் நெட் கிடையாது. கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வரும் சிடியில் அப்டேட் இருக்கும். இல்லாவிட்டால் பிரவுசிங் சென்டருக்குப் போய், அப்டேட் ஃபைலை டவுன்லோடு செய்து, பென் டிரைவில் போட்டுக் கொண்டுவர வேண்டும்.

பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் பென் டிரைவைச் செருகுவது என்றால் என்னவென்று என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். சிடி போட்டதும் தானாக ஓடுவதற்காக விண்டோஸ் 95 காலத்தில் 'ஆட்டோரன்' என்று ஒரு வசதி கொண்டுவந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு பென் டிரைவ் வழியாகப் புழுக்கள் பரவின. 2007 வாக்கில் ஒன்று வந்தது. ஃபயர்பாக்ஸைத் திறந்தால் மூடிவிடும். ஆர்குட் போனால் 'ஆர்குட் தடை செய்யப்பட்டுள்ளது' என்று கிண்டலாக ஒரு பெட்டியைக் காட்டிவிட்டுச் சிரிக்கும். 2008 நவம்பரில் கான்ஃபிக்கர் வந்தது. அதற்கான ஓட்டையை மைக்ரோசாஃப்ட் அக்டோபர் 23-ஆம் தேதியே அடைத்திருந்தது. ஆனால் நம் ஊரில் ஓடிய விண்டோஸில் பாதிக்கு மேல் காப்பி அடித்தது என்பது ஊரறிந்த ரகசியம். அப்டேட் போட்டால் 'இது ஒரிஜினல் இல்லை' என்று திரை கறுப்பாகிவிடும் என்ற பயத்தில், விண்டோஸ் போட்டுக் கொடுப்பவர்களே அப்டேட்டை அணைத்துவிட்டுத்தான் தருவார்கள். 2009-இல் மைக்ரோசாஃப்ட் இலவச ஆன்டிவைரஸ் கொடுத்தது. அதுவும் ஒரிஜினல் விண்டோஸ் வைத்திருந்தவர்களுக்குத்தான். பென் டிரைவில் ஆட்டோரன் ஓடுவதைப் பழைய விண்டோஸ்களில் நிறுத்தும் அப்டேட் எல்லோருக்கும் தானாகப் போக ஆரம்பித்தது 2011 பிப்ரவரியில். அப்டேட்டை அணைத்து வைத்திருந்த வீடுகளுக்கு அதுவும் போய்ச் சேர்ந்திருக்காது.

அதாவது நோய் வந்த அதே பென் டிரைவில்தான் எங்களுக்கு மருந்தும் வந்தது. பெரும்பாலும் நோய்க்குப் பிறகு.

*

இப்போது ஃபார்மேட் கதை.

2007-இல் தங்கச்சியின் மஞ்சள் நீராட்டு விழா. மாமா பையன் டிஜிட்டல் கேமரா கொண்டுவந்திருந்தான். ஆயா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, பொக்கை வாயோடு சிரித்துக்கொண்டு, எல்லாப் படத்திலும் நடுவில் இருந்தாள். படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு மெமரி கார்டை அவனிடம் திருப்பிக் கொடுத்தோம். அடுத்த வருஷம் ஆயா போய்விட்டாள். ஓட்டர் ஐடியில் இருந்த மங்கலான படத்தைத் தவிர, வீட்டில் ஆயாவுக்கு வேறு படம் கிடையாது.

2010-இல் நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம். லீவுக்கு வந்தபோது கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் ஓட்டினேன். நூற்றுக்கணக்கில் கண்டுபிடித்தது. 'டெலீட் ஆல்' அழுத்தினேன். பெருமையாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் ஃபோட்டோ ஃபோல்டரைக் காணவில்லை. பாட்டு ஃபோல்டர் இல்லை. அப்பாவின் கரும்புக் கணக்கும் இல்லை. வைரஸ் எல்லாவற்றையும் தின்றுவிட்டது என்று நினைத்தோம். சிபியுவை வண்டியில் வைத்து ரிப்பேர் கடைக்கு எடுத்துப்போனோம். "எல்லா டிரைவையும் அடிச்சிட்டுப் புதுசா போட்டாத்தான் போகும்" என்றார்கள். இன்ஜினியரிங் படிக்கிற பையன் என்று அப்பா என் முகத்தைப் பார்த்தார். சரி என்றேன்.

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த வருஷம் தங்கச்சிக்கும் ஒன்று வந்தது. அதில் விண்டோஸோடு, சென்னை சி-டாக்கில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. பசங்க யாரும் அந்தப் பக்கம் போக மாட்டார்கள், கேம் ஓடாது என்று. நான் ஒருநாள் சும்மா அதில் போய், ஃபோல்டர்கள் 'காணாமல் போன' சிநேகிதி ஒருத்தியின் பென் டிரைவைச் செருகினேன். எல்லா ஃபோல்டரும் இருந்தது. எல்லாமே. அப்படியே.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. அந்த வகைப் புழு ஃபோல்டரை அழிப்பதில்லை. அதன்மேல் 'மறைந்திரு' என்று ஒரு குறி போட்டுவிட்டு, அதே பெயரில், ஃபோல்டர் படம் ஒட்டிய ஒரு எக்ஸ்இ ஃபைலைப் பக்கத்தில் வைக்கும். விண்டோஸ் வழக்கமாகப் பெயரின் கடைசியில் வரும் எக்ஸ்இ என்பதைக் காட்டாது என்பதால் வித்தியாசம் தெரியாது. நாம் சொடுக்கினால் புழுவும் ஓடும், உண்மையான ஃபோல்டரும் திறக்கும். சந்தேகமே வராது. ஆன்டிவைரஸ் வந்து போலி ஃபோல்டரை அழிக்கும். மறைந்திருக்கும் நிஜ ஃபோல்டரை வெளியே எடுத்துவிடாமல் போய்விடும். லினக்ஸ் அந்த மறைப்புக் குறியைக் கண்டுகொள்ளாது, அதனால் அப்படியே காட்டிவிட்டது. விண்டோஸிலேயே 'அட்ரிப்' என்று ஒரே ஒரு வரிக் கட்டளை போட்டிருந்தால் போதும்.

ஆயாவை வைரஸ் தொடவே இல்லை. கடைசிவரை டிஸ்க்கில்தான் இருந்தாள். அழித்தது நாங்கள்.

இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

*

எங்கள் வீட்டு மாடியில் நின்றால் தியாகதுருகம் மலையும் அதன்மேல் கோட்டைச் சுவரும் தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், மைசூர்க்காரர் என்று எல்லோரும் மோதிக்கொண்ட கோட்டை. 1760-இல் அது ஹைதர் அலி பக்கம் போனது சுவரை இடித்து இல்லை. படை உதவிக்குப் பதிலாகப் பிரெஞ்சுக்காரர்களே ஒப்பந்தம் போட்டுத் தந்துவிட்டார்கள். 'ஐ அக்ரி' அழுத்துகிறோமே, அந்த மாதிரி. அப்பாவின் கம்ப்யூட்டருக்குள் வந்த மூன்றாவது ஆசாமியும் அப்படித்தான் வந்திருந்தான்.

காவலாளி எப்படி வேலை செய்கிறான் என்று தெரிந்தால் மெஷின் ஏன் நகரவில்லை என்பதும் தெரியும். நிகழ்நேரப் பாதுகாப்பு என்பது விண்டோஸின் அடிமட்டத்தில் உட்கார்ந்திருக்கும். எந்த நிரல் எந்த ஃபைலைத் திறக்கக் கேட்டாலும் நடுவில் நிறுத்தி, வாங்கிப் பார்த்து, அடையாளப் பட்டியலோடு ஒப்பிட்டு, சந்தேகமிருந்தால் கொஞ்சம் ஓட்டியும் பார்த்துவிட்டுத்தான் விடும். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஊசி நகர்ந்து தட்டு சுற்றி ஒரு இடத்தைப் பிடிக்க வேண்டும். சிதறிக் கிடக்கும் ஃபைல்களை நொடிக்கு நூறு முறை எடுப்பதே அதற்குப் பெரிய பாடு. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது ஆயிரக்கணக்கில் ஃபைல்கள் திறக்கும். வாசலில் இரண்டு காவலாளி இருந்தால்? ஒருவன் சோதிக்கத் திறக்கும் ஃபைலை இன்னொருவன் நிறுத்திச் சோதிப்பான். மாறி மாறி. உள்ளே போக வேண்டியவன் வெயிலில் நிற்பான்.

அடிமட்டத்தில் உட்கார்ந்திருக்கும் காவலாளி தப்பு செய்தால் மெஷினே விழும். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய ஒரு அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்த உறுப்பான எஸ்விசிஹோஸ்ட் ஃபைலையே வைரஸ் என்று பிடித்தது. உலகெங்கும் கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக்கின் ஒரு அப்டேட், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் கருவிகளை நீலத் திரையில் நிறுத்தியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு நாளுமே எந்த வைரஸும் வரவில்லை. காவலாளிதான் தடுக்கி விழுந்தான்.

இதற்காகக் காவலே வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் என் வேலை போய்விடும், அது வேறு விஷயம். கோஹன் சொன்னதைத்தான் சொல்கிறேன்: அவன் ஊகிக்கிறான். ஊகத்தை நம்பி அழிப்பதற்கு முன் நாம் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

*

தீபாவளி மத்தியானம் முதலில் எதையும் அழிக்கவில்லை. அப்பாவின் கணக்கு, பத்திரங்களின் ஸ்கேன், பேத்தியின் படங்கள் எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்க்கில் காப்பி எடுத்தேன். இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு வேகமாக்குகிறவனை அனுப்பினேன். இரண்டு ஆன்டிவைரஸையும் அன்இன்ஸ்டால் செய்து, மிச்சம் மீதியைத் துடைக்க அந்தந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை ஓட்டி, ரீஸ்டார்ட் செய்தேன். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாக எழுந்துகொண்டது. விண்டோஸ் கிளம்புவதற்கு முன்பே சோதிக்கும் அதன் ஆஃப்லைன் ஸ்கேனை ஒருமுறை ஓட்டினேன். ஒன்றும் இல்லை. சாயங்காலம் ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்டினேன். விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அதனால் அடுத்து லினக்ஸுக்கு மாற்ற வேண்டும். அதற்கு அப்பாவைச் சம்மதிக்க வைப்பது பொங்கல் வேலை.

ஆன் பண்ணிக் காட்டினேன். அரை நிமிஷத்துக்குள் வந்துவிட்டது.

"வைரஸ் போயிடுச்சா?"

"வைரஸே இல்லப்பா."

அப்போதுதான் சொன்னேன். மறைத்து வைக்கும் புழு, போலி ஃபோல்டர், 2010, ஆயா. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அன்னிக்கு அம்மா உள்ளதான் இருந்துச்சா?"

"ஆமாப்பா."

வெளியே யாரோ சரவெடி வைத்தார்கள். அது முடிகிறவரை இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அப்பா, காப்பி எடுத்து வைத்த டிஸ்க்கை மேஜையிலிருந்து எடுத்து, ஒரு கைக்குட்டையில் சுற்றி, பீரோவில் பத்திரங்கள் இருக்கும் தட்டில் வைத்துப் பூட்டினார்.