கெடு தேதி ஆகஸ்ட் 1

பதினெட்டாம் நூற்றாண்டில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்துக்குச் சர்க்கரை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்கு ஒரு கெடு இருந்தது. ஆகஸ்ட் 1-க்குள் நங்கூரம் எடுத்துவிட வேண்டும். அந்தத் தேதி தாண்டிக் கிளம்பினால் லண்டன் காப்பீட்டுக்காரர்கள் கட்டணத்தை இரட்டிப்பாக்கிவிடுவார்கள். கரும்பு வெட்டுவதும் பாகு காய்ச்சுவதும் பீப்பாயில் அடைப்பதும் அந்தத் தேதியை மனதில் வைத்தே நடந்தன. அந்த அவசரத்தின் பாரமெல்லாம் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்தவர்களின் முதுகில்தான் இறங்கியது.

இன்று அதே கடலில், அதே மாதங்களில் நடப்பது நேர்மாறு. ஆகஸ்ட் கடைசியிலிருந்து அக்டோபர் வரை மயாமியிலிருந்து கிளம்பும் சுற்றுலாக் கப்பல்களில் அறை வாடகை ஆண்டிலேயே மலிவாக இருக்கும். சூறாவளிக் காலம் என்று தெரிந்தே லட்சக்கணக்கானோர் சீட்டு வாங்குகிறார்கள். ஒரு காலத்தில் செலவை ஏற்றிவிட்ட ஆபத்து இப்போது விலையைக் குறைக்கிறது. நடுவில் என்ன நடந்தது என்பது நீண்ட கதை. அதில் பாதிரியாரும் உண்டு, வாழைப்பழக் கப்பலும் உண்டு.

அட்லாண்டிக் சூறாவளிக் காலம் என்பது ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. உச்சம் செப்டம்பர் 10-ஐ ஒட்டி வரும். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையிலிருந்து புறப்படும் காற்றலைகள், கோடை முழுக்கக் காய்ந்து சூடேறிய கடலின் மேல் வந்து சேரும் நேரம் அது. கடல் நீரின் வெப்பம் 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புயலுக்குத் தீனி கிடைத்த மாதிரி. இந்தக் காரணமெல்லாம் பின்னால் தெரிந்தது. மாதங்கள் மட்டும் தீவுவாசிகளுக்கு முதலிலிருந்தே தெரியும். அவர்களிடமிருந்து ஐரோப்பியர்கள் கற்றுக்கொண்டார்கள். கற்காதவர்கள் மூழ்கினார்கள்.

கற்றவர்களில் ஒருவர் கொலம்பஸ். 1502-இல் தன் நான்காவது பயணத்தில் சாந்தோ டொமிங்கோ துறைமுகத்துக்கு வெளியே வந்து நின்றபோது, வானத்தையும் கடலின் நீண்ட அலையையும் பார்த்துப் புயல் வருகிறது என்று ஊகித்தார். உள்ளே வர அனுமதி கேட்டார். ஸ்பெயினுக்குப் புறப்படத் தயாராக நின்ற சுமார் 30 கப்பல்களையும் நிறுத்தி வைக்கும்படி ஆளுநர் ஓவாண்டோவுக்குச் சொல்லி அனுப்பினார். ஓவாண்டோ இரண்டையும் மறுத்தார். கடலுக்குப் போன கப்பல்களில் இருபதுக்குக் குறையாமல் மூழ்கின. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கொலம்பஸுக்கு விலங்கு மாட்டிய பொபாதியாவும் அதில் இறந்துபோனார். கரையோரமாக ஒதுங்கி நின்ற கொலம்பஸின் நான்கு கப்பல்களும் தப்பின.

புயல் மாதம் தெரிந்திருந்தும் தப்ப முடியாதவர்கள் உண்டு. கஜானா காலியாக இருந்தால் நாள் பார்க்க முடியுமா? 1622-இல் ஸ்பெயினின் வெள்ளிக் கப்பல்கள் ஹவானாவை விட்டுக் கிளம்பும்போது தேதி செப்டம்பர் 4. திட்டமிட்டதற்கு ஆறு வாரம் தாமதம். தென்னமெரிக்க வெள்ளி வந்து சேரவும், அதை எண்ணிக் கணக்கெழுதி ஏற்றவும் நாளாகிவிட்டது. அங்கே ஸ்பெயின் அரசரோ போர்ச் செலவில் கடனாளியாகக் காத்திருந்தார். மறுநாளே புயல் பிடித்தது. புளோரிடா கீஸ் தீவுகளுக்கு அருகே மூழ்கிய ‘நுவெஸ்த்ரா செனோரா தே அதோச்சா’வில் இருந்த 265 பேரில் ஐந்து பேர் மட்டும் பிழைத்தார்கள். அதன் வெள்ளிக் குவியலை மெல் ஃபிஷர் குழுவினர் கண்டெடுத்தது 1985-இல். 1715 ஜூலைக் கடைசியில் இன்னொரு ஸ்பானியக் கூட்டத்தில் 12 கப்பல்களில் 11 அழிந்தன. 1780 அக்டோபரில் பார்படோஸ், மார்டினிக் தீவுகளில் அடித்த பெரும் சூறாவளி சுமார் 22,000 உயிர்களைக் கொண்டுபோனது. லண்டன் காப்பீட்டுக்காரர்கள் சும்மா கெடு வைக்கவில்லை.

புயலை எந்த மாதத்தில் எதிர்பார்க்கலாம் என்பது ஒரு அறிவு. நாளை வருமா, எந்தப் பக்கம் திரும்பும் என்பது வேறு அறிவு. இரண்டாவதற்கு 19-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. புயல் ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது என்று அமெரிக்காவின் வில்லியம் ரெட்ஃபீல்டு 1831-இல் எழுதினார். கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன், வங்கக் கடல் புயல்களை ஆராய்ந்து 1848-இல் மாலுமிகளுக்கென ஒரு கைநூலே வெளியிட்டார். அவர்கள் காலத்துக் கண்டுபிடிப்பு இன்றும் கப்பல் மேல்தளத்தில் செல்லுபடியாகிறது. வட அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் புயலின் மையம் உங்கள் இடப்பக்கம் இருக்கும். புயல் நகரும் திசைக்கு வலப்பக்கப் பாதி ஆபத்தானது. அங்கே சுழற்காற்றின் வேகத்தோடு புயலின் சொந்த வேகமும் சேர்ந்துகொள்ளும். இடப்பக்கப் பாதியில் மாட்டிய கப்பலுக்கு வெளியேற வழி உண்டு.

அடுத்த ஆள் ஹவானாவின் பெலேன் கல்லூரியில் இருந்த பெனிடோ வீன்யெஸ் என்ற இயேசு சபைப் பாதிரியார். 1870-இல் கல்லூரியின் வானிலைக் கூடத்துக்குப் பொறுப்பேற்றார். பாரோமீட்டரைப் பார்ப்பது, மேகத்தைப் பார்ப்பது, எழுதி வைப்பது என்று நாள் முழுதும் அதே வேலை. புயல் கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருக்கும்போதே மிக உயரத்தில் மெல்லிய இறகு மேகங்கள் ஒரு புள்ளியிலிருந்து விரிந்து வருவதைக் கவனித்தார். அந்தப் புள்ளியைப் பின்னோக்கிப் பிடித்தால் புயல் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியும் அல்லவா? மேல்மேகம், நடுமேகம், கீழ்க்காற்று மூன்றும் வேறு வேறு திசையில் ஓடுவதை வைத்து மையத்தைக் கணித்தார். 1875 செப்டம்பர் 11 அன்று ஹவானா செய்தித்தாளில் அவருடைய எச்சரிக்கை வந்தது. சூறாவளி பற்றி அச்சேறிய முதல் முன்னறிவிப்பாக அதைத்தான் சொல்கிறார்கள். இரண்டு நாளில் கியூபாவின் தென்பகுதியில் புயல் இறங்கியது. அதன் பிறகு தீவு தீவாகத் தந்தி வழியே தகவல் சொல்லும் ஆட்களைச் சேர்த்தார். துறைமுகத்தில் கப்பலைக் கட்டிப்போடுவதா, அவிழ்ப்பதா என்று கேட்க மாலுமிகளுக்கு ஒரு ஆள் கிடைத்தார். 1893-இல் இறக்கும்வரை அவர் இதை விடவில்லை.

ஆனால் அந்த அறிவைக் கேட்க மறுத்த கொடுமையும் நடந்தது. ஸ்பெயினோடு நடந்த 1898 போருக்குப் பின் கியூபா அமெரிக்கர் கைக்கு வந்தது. கியூபாவின் கணிப்புகள் தந்தியில் போவதையே அமெரிக்க வானிலைத் துறை 1900 சூறாவளிக் காலத்தில் தடுத்தது. பெலேனில் வீன்யெஸுக்குப் பின் வந்தவர்கள் ஒரு புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் போகிறது என்று சரியாகச் சொன்னார்கள். வாஷிங்டனோ அது அட்லாண்டிக் கரையோரம் வடக்கே திரும்பும் என்று நம்பியது. செப்டம்பர் 8 அன்று டெக்ஸாஸின் கால்வெஸ்டன் நகரைக் கடல் மூடியது. குறைந்தது 6,000 பேர் இறந்தார்கள். மேலான அறிவு அடுத்த தீவில் இருந்தும், கர்வத்தால் ஒரு ஊரே போனது.

அதே ஆண்டுகளில்தான் கரீபியனில் சுற்றுலா வளரத் தொடங்கியது. வாழைத் தோட்டங்களை ஆண்ட யுனைடெட் ஃப்ரூட் கம்பெனி, வெயில் வெப்பத்தைத் தணிக்க வெள்ளை வண்ணம் பூசிய கப்பல்களில் பழத்தோடு பயணிகளையும் ஏற்றியது. வாழைப்பழம் காத்திருக்காது என்பதால் இந்தக் கப்பல்கள் புயல் மாதங்களிலும் ஓடியாக வேண்டும். அதனாலேயே கம்பியில்லாத் தந்தியை முதலில் வாங்கியவர்களில் இவர்களும் இருந்தார்கள். 1909 ஆகஸ்ட் 26 அன்று யுகடான் கரை அருகே சூறாவளியில் அகப்பட்ட இவர்களின் ‘கார்ட்டாகோ’ அங்கிருந்தபடியே வானொலியில் செய்தி அனுப்பியது. கடலிலிருந்து சூறாவளி பற்றி வந்த முதல் வானொலித் தகவல் அது. அதுவரை புயலில் சிக்கிய கப்பல் கரைக்கு வந்து சொன்னால்தான் உண்டு, வராவிட்டால் இல்லை.

இதிலும் ஒரு சிக்கல் முளைத்தது. எச்சரிக்கை கிடைத்ததும் கப்பல்கள் விலகிவிடும். விலகிவிட்டால் புயல் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் இருக்காது. 1935 செப்டம்பர் 2-இல் புளோரிடா கீஸில் நடந்தது இந்த அரைகுறை அறிவின் விளைவு. நியூ ஆர்லியன்ஸிலிருந்து நியூயார்க் போய்க்கொண்டிருந்த ‘டிக்ஸி’ என்ற பயணிக் கப்பலை, சுமார் 350 பேரோடு, காற்று தூக்கிவந்து ஃப்ரெஞ்ச் ரீஃப் பவளத்திட்டின் மேல் உட்கார வைத்தது. அது நிமிர்ந்தபடி உட்கார்ந்ததால் அத்தனை பேரும் மீட்கப்பட்டார்கள். அதே இரவில் சற்றுத் தள்ளி இஸ்லமொராடாவில், நெடுஞ்சாலை வேலையில் இருந்த முன்னாள் போர்வீரர்களை ஏற்றிவர மயாமியிலிருந்து தாமதமாக அனுப்பப்பட்ட ரயிலின் பெட்டிகளைக் கடல் புரட்டிப்போட்டது. என்ஜின் மட்டும் தண்டவாளத்தில் நின்றது. நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே காற்றழுத்தம் 892 மில்லிபார் வரை இறங்கியது.

1943 ஜூலை 27 அன்று ஜோசப் டக்வொர்த் என்ற அமெரிக்க விமானி, பயிற்சி விமானம் ஒன்றில் சூறாவளியின் கண்ணுக்குள்ளேயே பறந்து திரும்பினார். கப்பல்கள் விட்ட இடத்தை விமானங்கள் நிரப்பின. 1960-இல் டைரோஸ்-1 செயற்கைக்கோள் ஏவப்பட்டது. மறு ஆண்டே, கப்பலோ விமானமோ காணாத நடுக்கடலில் எஸ்தர் சூறாவளியை வானிலிருந்து கண்டுபிடித்தார்கள்.

அதுவரை கரீபியன் உல்லாசப் பயணம் என்றால் பெரும்பாலும் குளிர்காலச் சமாச்சாரம். கோடையில் அட்லாண்டிக்கைக் கடக்கும் கப்பல்கள் பனிக்காலத்தில் தெற்கே இறங்கும். ஜெட் விமானம் வந்து அட்லாண்டிக் பயணத்தைப் பறித்துக்கொண்டதும் அந்தக் கணக்கு உடைந்தது. 1966 டிசம்பரில் டெட் அரிசனும் நார்வேயின் குனூட் குளோஸ்டரும் சேர்ந்து மயாமியிலிருந்து ‘சன்வார்டு’ கப்பலை ஓட்டினார்கள். 1970-இல் ‘சாங் ஆஃப் நார்வே’ வந்தது, 1972-இல் கார்னிவலின் ‘மார்டி கிராஸ்’. வெயில் கடலுக்கென்றே கடன் வாங்கிக் கட்டும் கப்பலை ஆறு மாதம் கட்டிப்போட முடியாது. ஐம்பத்திரண்டு வாரமும் ஓடினால்தான் வட்டி கட்ட முடியும். புயல் மாதங்களில் மலிவு விலை பிறந்தது இப்படித்தான்.

இன்றைய கப்பல் தலைவருக்கு வேலை எளிது என்று சொல்ல முடியாது, ஆனால் வழி உண்டு. வெப்பமண்டலத்தில் புயல் மணிக்கு 10 முதல் 15 கடல் மைல் நகரும். உல்லாசக் கப்பல் 20-க்கு மேல் ஓடும். 24 மணி நேர முன்னறிவிப்புக்கு 100 கடல் மைல், 48-க்கு 200, 72-க்கு 300 என்று பலத்த காற்று வட்டத்துக்கு வெளியே கூடுதல் இடைவெளி விடுவது மாலுமிகளின் பாடம். அதனால் கிழக்குக் கரீபியன் போக வேண்டிய கப்பல் மேற்கே மெக்சிகோவுக்குத் திரும்பும். பயணிக்கு செயின்ட் தாமஸ் போய் கோசுமெல் வரும். சீட்டின் பின்னால் உள்ள ஒப்பந்தத்தில் இதற்கான உரிமை கம்பெனிக்கு எழுதப்பட்டிருக்கும். தவறிய துறைமுகத்துக்கு வரிப் பணம் மட்டும் திரும்பக் கிடைக்கும். பயணக் காப்பீட்டைப் புயலுக்குப் பெயர் வைக்கும் முன் வாங்கியிருந்தால்தான் பயன். கப்பல் திரும்ப வேண்டிய துறைமுகமே மூடிக்கொள்வதும் உண்டு. 2017 ஆகஸ்டில் ஹார்வி சூறாவளியின்போது கால்வெஸ்டன் துறைமுகம் மூட, ஆயிரக்கணக்கான பயணிகள் கூடுதல் நாட்கள் கடலில் இருந்தார்கள். வேலைக்கு உடனே திரும்பியாக வேண்டியவர்கள் இதை யோசித்துத்தான் நாள் குறிக்க வேண்டும்.

இந்த மலிவு விலைக்கு வேறு யாரோ விலை கொடுத்ததும் உண்டு. 1998 அக்டோபரில் ‘ஃபான்டோம்’ என்ற நான்கு பாய்மர உல்லாசக் கப்பல் ஹோண்டுராஸ் வளைகுடாவில் இருந்தது. மிட்ச் சூறாவளி வலுத்து, சூறாவளிகளில் உச்சமான ஐந்தாம் வகையைத் தொட்டது. கப்பல் பெலீஸ் துறைமுகத்துக்கு ஓடிவந்து பயணிகளையும், ஊழியர்களில் சிலரையும் இறக்கிவிட்டது. மிச்சமிருந்த 31 பேர் கப்பலைக் காப்பாற்ற மீண்டும் கடலுக்குப் போனார்கள். புயல் வடமேற்கே போகும் என்பதுதான் கணிப்பு. அது நின்று, தெற்கே திரும்பியது. ரோவாடான் தீவின் மறைவில் ஒதுங்கிய கப்பல் கிழக்கே தப்பப் பார்த்தது. புயலும் அந்தப் பக்கமே வந்தது. அக்டோபர் 27 பிற்பகலில் தொடர்பு அறுந்தது. பின்னர் கிடைத்தவை சில உயிர்காப்பு உடைகளும் மிதவைகளும்தான். விமானம் ஏறி வீடு திரும்பிய பயணிகள் அத்தனை பேரும் பிழைத்தார்கள். இறந்த 31 பேரில் பெரும்பாலோர் கயானா, ஜமைக்கா போன்ற கரீபியன் நாடுகளின் தொழிலாளர்கள்.

தீவுகளின் கணக்கும் தனி. கப்பல் திசை மாற்றும், தீவால் முடியாது. அமெரிக்க வர்ஜின் தீவுகளில் ஜூலையின் நான்காம் திங்களன்று சூறாவளி வராதிருக்க வேண்டிக்கொள்ளும் நாள் உண்டு. அக்டோபரில் தப்பியதற்கு நன்றி சொல்லும் நாளும் உண்டு. டேனிஷ் ஆட்சிக் காலத்து வழக்கம் இது. 2017 செப்டம்பரில் இர்மா, மரியா சூறாவளிகள் அடுத்தடுத்து அந்தத் தீவுகளையும் புவேர்ட்டோ ரிகோவையும் நொறுக்கின. அப்போது ‘அட்வெஞ்சர் ஆஃப் தி சீஸ்’ என்ற உல்லாசக் கப்பல் தன் பயணத்தை ரத்து செய்து, சான் ஹுவான், செயின்ட் தாமஸ், செயின்ட் குரோய் துறைமுகங்களிலிருந்து சுமார் 3,800 பேரை ஏற்றிக்கொண்டு அக்டோபர் 3 அன்று ஃபோர்ட் லாடர்டேலில் இறக்கியது. இந்தத் தொழில், தான் பிழைக்கும் தீவுகளுக்குச் செய்த நல்ல காரியங்களில் இது ஒன்று.

புயல் காலத்தில் போகிறவர்களுக்குத் தென்கோடியைப் பரிந்துரைப்பது வழக்கம். அரூபா, பொனேர், குராசாவ் ஆகியவை 12 டிகிரி அட்சரேகையை ஒட்டி இருப்பதால் சூறாவளி அங்கே போவது அபூர்வம். யோசனை சரிதான். ஆனால் கிரெனடாவும் கிட்டத்தட்ட அதே அட்சரேகைதான். 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் சூறாவளி அங்கே பெரும்பாலான வீடுகளின் கூரையைப் பிடுங்கியது. உலகில் இரண்டாமிடத்தில் இருந்த அதன் ஜாதிக்காய்த் தோட்டங்களைச் சாய்த்தது. ஜாதிக்காய் மரம் மறுபடி காய்க்க ஆண்டுகள் ஆகும். 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி அதே நாட்டின் கரியாகு தீவில் ஏறக்குறைய எல்லாக் கட்டடங்களையும் சேதப்படுத்தியது. ஒரு நாளுக்குள் ஐந்தாம் வகையானது. ஆண்டில் இத்தனை சீக்கிரம் அந்த வகையைத் தொட்ட அட்லாண்டிக் புயல் பதிவேட்டில் வேறில்லை. அந்த வாரம் கரீபியனில் இருந்த உல்லாசக் கப்பல்கள் பல, அட்டவணையை மாற்றிக்கொண்டு விலகிப் போயின.