காசு கொடுத்து வாங்காத எழுத்து

கோச்சடையில் ஃபென்னர் தொழிற்சாலைப் பக்கம் ஒரு டிடிபி கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி எல்லாம் எங்கள் வீட்டுக்கு அங்கேதான். போன வருஷம் ஒரு பழைய கோப்போடு அங்கே போய் நின்றேன். 1998-இல் தாத்தா சொல்லச் சொல்ல அதே கடையில் அடித்து வாங்கிய நாற்பது பக்கம். வைகையில் தண்ணீர் ஓடிய காலம், கண்மாய் மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் போன கணக்கு, யாருக்கு யார் என்ன உறவு என்பதெல்லாம் அதில் இருந்தது. கையெழுத்து நோட்டைக் கரையான் தின்றுவிட்டது. ஃபிளாப்பியிலிருந்து சிடிக்கும் சிடியிலிருந்து பென்டிரைவுக்கும் மாறி மாறிக் கோப்பு மட்டும் பிழைத்திருந்தது.

திறந்தது. ஆனால் உள்ளே தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் டாலர் குறியுமாக நாற்பது பக்கம்.

"தம்பி, அந்த சாஃப்ட்வேருக்கு ஒரு டாங்கிள் குடுத்தாய்ங்க. பிரிண்டர் போர்ட்டுல சொருகுனாத்தான் ஓடும். அது எங்க போச்சுன்னே தெரியல. வித்த கம்பெனியும் இப்ப இல்ல" என்றார் கடைக்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "இருந்திருக்கும். நாங்க எங்க காசு குடுத்து வாங்குனோம்? ஒருத்தன் வாங்குவான், பத்துப் பேரு காப்பி போடுவோம்."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்துப் போட்டது.

கணினியில் தமிழ் தானாக வந்துவிடவில்லை. பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத காலத்தில், வேறு வேலை பார்த்துக்கொண்டே சிலர் ராத்திரி உட்கார்ந்து செய்தது அது. கனடாவில் ஸ்ரீநிவாசன் 1980-களிலேயே 'ஆதமி' என்ற செயலியை உருவாக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் 'முரசு' மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 'கணியன்' செய்தார். சுவிட்சர்லாந்தில் கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாகவே கொடுத்தார். இந்தப் பக்கம் சென்னையிலும் புனேயிலும் சின்னதும் நடுத்தரமுமான நிறுவனங்கள் அச்சகங்களையும் டிடிபி கடைகளையும் நம்பி எழுத்துருவும் விசைப்பலகைச் செயலியும் விற்றன.

கணினி எழுத்தைச் சேமிப்பதில்லை, எண்ணைத்தான் சேமிக்கிறது. அன்றைக்கு ஓர் எழுத்துருவில் கிடைத்தது மொத்தமே 256 இடம். அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்கும் கட்டளைகளுக்கும். நம்முடைய 247 எழுத்துகளையும் துண்டு துண்டாக உடைத்து மிச்ச இடத்தில் திணிக்க வேண்டும், அல்லது ஆங்கிலத்தின் இடத்திலேயே தமிழை உட்கார வைக்க வேண்டும். ஈழத் தமிழர்களிடம் பரவலாக இருந்த பாமினி இரண்டாவது வகை. பாமினியில் 'அம்மா' என்று அடித்துவிட்டு எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். எந்த எண்ணில் எந்தத் துண்டு என்பதை ஒவ்வொருவரும் தன்போக்கில் முடிவு செய்தார்கள். சிலர் அந்தப் பட்டியலை ஊருக்கே சொன்னார்கள், சிலர் தொழில் ரகசியமாக வைத்துக்கொண்டார்கள்.

ரகசியமாக வைத்தவர்களைத் திட்டுவது சுலபம். அவர்கள் நிலைமையையும் பார்க்க வேண்டும். 1976-இல் பில் கேட்ஸ், காசு கொடுக்காமல் தன் பேசிக் மென்பொருளைப் பிரதி எடுக்கிறார்கள் என்று கோபப்பட்டுப் பகிரங்கக் கடிதமே எழுதினார். அன்று மைக்ரோசாஃப்டும் சின்னக் கடைதான். 1982-இல் ஆண்ட்ரூ ஃப்ளூகல்மன் 'பிசி-டாக்' செயலியை வேறு மாதிரி விற்றுப் பார்த்தார்: தாராளமாகப் பிரதி எடுங்கள், பிடித்திருந்தால் 25 டாலர் அனுப்புங்கள். அந்த வழியின் கடைசி வாரிசு, நாற்பது நாள் சோதனைக் காலம் முடிந்தும் நம் கணினியில் ஓடிக்கொண்டே இருக்கும் வின்ரார். உலகச் சந்தை இருந்ததால் அவர்களுக்கு அது கட்டுபடியானது. தமிழ் டிடிபி என்பது சில ஊர்களின் அச்சகத் தெருக்கள். அங்கே ஒருவன் வாங்கிப் பத்துப் பேர் பிரதி எடுத்தால் செய்தவனுக்கு என்ன மிஞ்சும்? அதனால்தான் டாங்கிள்.

பூட்டுப் போட்டும் பிழைக்க முடியவில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியாக்கங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் தரப்படுத்தியது. நல்ல காரியம்தான், ஆனால் சொந்தக் குறியாக்கத்தில் விற்றவர்கள் மறுபடி வேலை பார்க்க வேண்டியிருந்தது. அதற்குள் விண்டோஸ் 2000, 'லதா' எழுத்துருவோடு யூனிகோட் தமிழைத் தன்னோடே கொண்டுவந்தது. 2005-இல் மத்திய அரசு தமிழ் எழுத்துருக்களும் மென்பொருள்களும் அடங்கிய சிடியை இலவசமாகக் கொடுத்தது. இந்தப் பக்கம் தன்னார்வலர்கள் முகுந்தராஜின் இ-கலப்பை, விஸ்வநாதனின் அழகி என்று இலவசச் செயலிகளைத் தந்தார்கள். விண்டோஸ் ஒவ்வொரு முறை மாறும்போதும் பழைய செயலிகளில் ஏதாவது ஒன்று உடையும். மடிக்கணினியில் பிரிண்டர் போர்ட்டே காணாமல் போனது. பழைய வாடிக்கையாளர் போன் செய்வார், ஆனால் புதிய பதிப்புக்குக் காசு கேட்டால் வைத்துவிடுவார்.

இது நமக்கு மட்டும் நடந்ததல்ல. 2002-இல் ஆப்பிளின் ஷெர்லாக் 3 வந்தபோது, கரேலியா என்ற சின்ன நிறுவனம் விற்றுவந்த 'வாட்சன்' செயலி செய்த வேலையை அதுவே செய்தது. இயங்குதளக்காரரே இப்படி விழுங்குவதற்கு அன்றிலிருந்து 'ஷெர்லாக் ஆக்கப்படுவது' என்றே பெயர். தப்பிக்க ஒரு வழி, விழுங்கப்படுவதற்குமுன் உள்ளே போய்விடுவது. 2005-இல் வந்த மேக் டைகரில் முத்து நெடுமாறனின் இணைமதி எழுத்துருவும் முரசு அஞ்சல் விசைமுறையும் சேர்ந்தே வந்தன. எல்லாருக்கும் அந்தக் கதவு திறக்காது.

இ-கலப்பைக்கு உள்ளே ஒரு கிளைக்கதை உண்டு. அதன் ஆரம்பப் பதிப்புகள் 'கீமேன்' என்ற விசைப்பலகை இயந்திரத்தின் மேல் ஓடியவை. ஆஸ்திரேலியாவின் மார்க் டர்டின் 1993-இல் லாவோ மொழிக்காகத் தொடங்கியது கீமேன். சின்ன மொழிகளுக்கு விசைப்பலகை என்ற தொழிலில் காசு குறைவு, பராமரிப்பு முடிவே இல்லாதது. 2015-இல் எஸ்.ஐ.எல். என்ற மொழியியல் நிறுவனம் கீமேனை எடுத்துக்கொண்டது. பிறகு அது இலவசமாகி, மூலநிரலும் திறக்கப்பட்டது. விற்பனை நின்ற பிறகும் செயலி சாகவில்லை. எடுத்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய ஒரு உதாரணமும் உண்டு. கல்யாணசுந்தரம் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம். தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து மயிலை, இணைமதி எழுத்துருக்களில் ஏற்றினார்கள். பிறகு டிஸ்கி வந்தது, அதற்குப் பிறகு யூனிகோட். குறியாக்கப் பட்டியல் கையில் இருந்ததால் ஒவ்வொரு முறையும் எழுத்து அடுத்த வீட்டுக்குக் குடிபோனது. தாத்தாவின் நாற்பது பக்கமும் அதே 1998-இல் அடித்தவைதான். பட்டியலை வைத்திருந்தவர் கடையை மூடியபோது பட்டியலும் போய்விட்டது.

நல்லவர்கள் இலவசமாகக் கொடுத்தார்கள், மற்றவர்கள் பூட்டி வைத்தார்கள் என்று இதை முடித்துவிட எனக்கு மனசில்லை. இலவசமும் யாரோ ஒருவரின் ராத்திரித் தூக்கம்தான். ஒரு பழைய பதிப்பையாவது தூசி தட்டி, பட்டியலை வெளியிட்டுவிட்டுக் கடையை மூடும் அளவுக்குக்கூட நாம் அந்தச் சின்னக் கடைகளுக்குக் கொடுக்கவில்லை. மிச்சம் பிடித்த காசுக்கான விலையை இருபத்தைந்து வருஷம் கழித்து நாம்தான் கட்டுகிறோம்.

கடைக்காரர் சும்மா விடவில்லை. பரணில் தேடி, பிழைதிருத்தத்துக்கு எடுத்த ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தார். தாத்தாவின் பச்சை மைத் திருத்தங்களோடு ஒரே ஒரு தாள். "இத வச்சுப் பாருங்க தம்பி. எது என்னன்னு பிடிபடும்." தாளையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டாலருக்கு எது, அரைப்புள்ளிக்கு எது என்று எழுதிக்கொண்டே வந்தேன். இதுவரை தொண்ணூற்று நான்கு குறி பிடிபட்டிருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு 'ஞ' கூட இல்லை என்பதால் மூன்று பேரின் பெயர் மட்டும் இன்னும் பாக்கி.