தண்டுப் பையன்களும் கொல்கத்தா கிளப்களும்

1937-ல் பம்பாயில் நடந்த ரோவர்ஸ் கோப்பைப் பந்தாட்டத்தின் இறுதி ஆட்டத்தைப் பற்றி என் அப்பா பேசாத பண்டிகை நாள் கிடையாது. அவர் அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்தவர் அல்ல, அப்போது பள்ளிக்கூடப் பையன். ஆனால் பெங்களூர் சிவாஜிநகர் சந்துகளில் வளர்ந்த யாருக்கும் அந்தக் கதை பாலோடு ஊட்டப்பட்டது. ஒரு பக்கம் கொல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங். 1933-ல் இரண்டாம் டிவிஷனிலிருந்து மேலே வந்து, 1934-ல் முதல் டிவிஷனில் கால் வைத்த அதே ஆண்டில் லீக்கை வென்ற அணி. அதுவரை எந்த இந்திய கிளப்பும் கொல்கத்தா லீக்கை வென்றதில்லை. 1938 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து அவர்களிடமே அந்தக் கோப்பை இருந்தது. எதிர்ப்பக்கம் எங்கள் தண்டின், அதாவது பெங்களூர் கன்டோன்மென்டின், கிளப் பெங்களூர் முஸ்லிம்ஸ். 1-0 என்று பெங்களூர் ஜெயித்தது. வெள்ளைக்காரப் பட்டாளங்களே ஆண்டுக்காண்டு தூக்கிப்போன ரோவர்ஸ் கோப்பையை வென்ற முதல் இந்திய சிவிலியன் அணி எங்களுடையது.

இந்த வெற்றியின் முழு ருசி தெரிய வேண்டுமானால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். முகமதன் ஸ்போர்ட்டிங் திடீரென்று பெரிய அணியானது வங்காளத்துப் பையன்களை மட்டும் வைத்தல்ல. நாடு முழுவதும் ஆள் தேடினார்கள். அந்தத் தேடலில் அவர்கள் வலை வீசிய முக்கியமான இடம் பெங்களூர். நம் ஆட்டக்காரர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஓர் அணியைக் கட்டினார்கள். நான்கே ஆண்டுகளில், ஊரில் மிச்சம் இருந்தவர்கள் போய் அந்த அணியை வீழ்த்திவிட்டு வந்தார்கள். அடுத்த ஆண்டும் ரோவர்ஸ் நமக்கே வந்தது.

ஆள் கொடுப்பது என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது, அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம். தோற்றுக்கொண்டே இருக்கும் அணி அங்கே சீசன் நடுவே வரும் ஒரு கெடுவுக்குள் முடிவெடுக்க வேண்டும். வயதேறிய நட்சத்திரத்தைப் பெரிய அணிக்குக் கொடுத்துவிட்டு, பதிலாக நாலு இளம் பையன்களை வாங்கிக்கொள்ளும். 1965 முதல் அங்கே புதிய ஆட்டக்காரர்களைப் பங்கிடும் முறையும் இருக்கிறது. கடைசி வரிசையில் நிற்கும் அணிகளுக்கே அதில் முன்னுரிமை. ஆக, கொடுத்தவனுக்கும் ஏதோ ஒன்று திரும்பி வரும். பெங்களூருக்கு அப்படி எதுவும் வரவில்லை. நாங்கள் கொடுத்தோம், ரயிலேற்றிவிட்டோம், மறுநாள் மைதானத்தில் அடுத்த பையனைத் தேடினோம். திரும்பத் திரும்ப ஓர் ஊர் இதை எப்படிச் செய்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

முதல் காரணம் தண்டு. 1809-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பட்டாளம் இங்கே வந்தபோது, அதற்கு வேண்டிய எல்லாமும் கூடவே வந்தன. துணி தைப்பவர், மாடு அறுப்பவர், குதிரைக்குப் புல் கொடுப்பவர், சமையல்காரர், கணக்கர் என்று வேலூர், ஆற்காடு பக்கத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து குடியேறினார்கள். அன்றைக்கு பிளாக்பள்ளி என்று பெயர் பெற்றிருந்த இடம்தான் இன்றைய சிவாஜிநகர். மாதா கோயிலும் தண்டு மாரியம்மன் கோயிலும் மசூதிகளும் நடந்து போகும் தூரத்தில். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தக்கணி உருது, எதிர்வீட்டில் தெலுங்கு. பட்டாளத்துக்காரர்கள் சாயங்காலம் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பந்தாடினார்கள். வெளியே போன பந்தை எடுத்துக் கொடுக்க எங்கள் பையன்கள் வெறுங்காலோடு ஓடினார்கள். எடுத்துக் கொடுத்தவர்கள் சும்மா நிற்கவில்லை. பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அல்சூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் இருந்தது, கங்காதர செட்டி ரோட்டில் ஆர்பிஏஎன்எம் பள்ளி மைதானம் இருந்தது. பந்தை அடக்கவும் திருப்பவும் அந்த வெறுங்காலே போதுமாக இருந்தது.

இரண்டாவது, பையன்களைக் கண்டெடுத்தவர்கள். அவர்களுக்குச் சம்பளமும் இல்லை, பதவியும் இல்லை. முன்னாள் ஆட்டக்காரர்கள், டீக்கடைக்காரர்கள், ரஸ்ஸல் மார்க்கெட்டில் கடை வைத்திருந்தவர்கள். மைதானத்தின் கோட்டோரம் நின்று, பதினான்கு வயதுப் பையன் பந்தில்லாமல் எங்கே ஓடுகிறான் என்று பார்ப்பார்கள். கோல் போட்டவனைவிட, கோல் போட இடம் விட்டு நகர்ந்தவனின் பெயரைத்தான் கேட்பார்கள். எங்கள் சந்து முனையில் டீக்கடை வைத்திருந்த பாய் ஒருவர் என் சிறுவயதில் அப்பாவிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: “அண்ணே, இந்த வருஷம் யாரைக் கூட்டிட்டுப் போறாங்களாம்?” அப்பா ஒரு பெயர் சொல்வார். பாய் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “சரி, அவன் தம்பி இருக்கான்ல, இடது காலுக்காரன்,” என்பார். அவ்வளவுதான் எங்கள் ஊரின் அணித் திட்டம். போனவன் இடத்துக்கு ஆள் அந்த நிமிடமே பேசி முடிந்துவிடும்.

கொல்கத்தாவில் நடந்ததோ பெரிய கூத்து. ஆண்டுதோறும் சீசனுக்கு முன் சில நாட்கள், ஆட்டக்காரர்கள் அந்த ஊர்ப் பந்தாட்டச் சங்கமான ஐஎஃப்ஏ அலுவலகத்துக்குப் போய், எந்த கிளப்புக்கு ஆடப்போகிறோம் என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்த நாட்களில் ஒரு கிளப் ஆள் இன்னொரு கிளப் ஆளின் கண்ணில் படாமல் இருக்க, ஆட்டக்காரர்களை வீடுகளில் ஒளித்து வைத்தார்கள். கெடு முடியும் வரை ரசிகர்கள் வாசலில் காவல் நின்றார்கள். காகிதத்தில் எல்லோரும் அமெச்சூர்தான். சாப்பாடு, தங்குமிடம், எங்காவது ஒரு வேலை, கையில் கொஞ்சம் பணம் என்று ஏற்பாடுகள் நடந்தன. சிவாஜிநகர்ப் பையனுக்கு அந்த ஊர் மொழி தெரியாது, மழைக்காலச் சேறு பழக்கமில்லை. இருந்தும் போனான். ஏனென்றால் பெங்களூரில் பந்தாட்டத்தை வைத்து அடுப்பெரிக்க அன்றைக்கு வழியில்லை.

அந்த ரயிலேறியவர்களில் எனக்கு மிகப் பிரியமானவர் அகமது கான். பெங்களூரில் பிறந்தவர், குடும்பமே பந்தாட்டக் குடும்பம். ஈஸ்ட் பெங்கால் கிளப்பில் ஜோதிஷ் சந்திர குஹா தெற்கிலிருந்து திரட்டிய ஐந்து முன்னணி ஆட்டக்காரர்களுக்கு ரசிகர்கள் பஞ்ச பாண்டவர் என்று பெயர் வைத்தார்கள். வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே. அகமது கானும் தன்ராஜும் பெங்களூர் ஆட்டத்தில் உருவானவர்கள். 1949-ல் லீக், ஐஎஃப்ஏ ஷீல்டு, ரோவர்ஸ் மூன்றையும் ஈஸ்ட் பெங்கால் ஒரே ஆண்டில் வென்றது. 1949 முதல் 1953 வரை அந்த கிளப் போட்ட 387 கோல்களில் 260 இந்த ஐவருடையவை என்று கணக்குச் சொல்வார்கள். இந்தியப் பந்தாட்டத்தில் இதைவிடச் சிறந்த முன்வரிசை வந்ததாக நான் நினைக்கவில்லை.

1948 ஜூலை 31. லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் முதல் பந்தாட்டம், பிரான்சுக்கு எதிராக. நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்கால். கிடைத்த இரண்டு பெனால்ட்டிகளும் வீணாகி, 2-1 என்று தோற்றோம். அந்த ஒரு கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன், பெங்களூர்க்காரர். 1952 ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியா பத்து கோல் போட்டு நம்மை நசுக்கியது. இந்தியாவுக்குக் கிடைத்த ஒரே கோல் அகமது கானுடையது. சுதந்திரத்துக்குப் பின் வந்த முதல் இரண்டு ஒலிம்பிக்கிலும் இந்தியா போட்ட கோல்கள் மொத்தம் இரண்டு. இரண்டும் எங்கள் ஊர்க் கால்களிலிருந்து புறப்பட்டவை. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படிக்கவில்லை, படித்திருக்க வேண்டும்.

இத்தனை பேர் போன பிறகும் ஊர் வற்றவில்லை. 1948-ல் பெங்களூர் முஸ்லிம்ஸ் மோகன் பாகானை 1-0 என்று வென்று மறுபடி ரோவர்ஸைத் தூக்கியது. மாநிலங்களுக்கான சந்தோஷ் கோப்பையை மைசூர் (இன்றைய கர்நாடகம்) நான்கு முறை வென்றது: 1946-47, 1952-53, 1967-68, 1968-69. நான்கு இறுதி ஆட்டங்களிலும் எதிரே நின்றது வங்காளம். கொல்கத்தா கிளப்களுக்கு ஆடப்போனவர்கள் வங்காளத்துக்கு ஆடுவதே அன்றைய வழக்கம். அப்படியென்றால் நாங்கள் ஜெயித்தது எங்கள் அண்ணன்மார் சேர்ந்த மாநிலத்தை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியின் அருமைநாயகம் மோகன் பாகானுக்குப் போனார். வந்தவாசியில் பிறந்த பூங்கம் கண்ணன் பெங்களூரில் ஆடி, கொல்கத்தா போய், ஜெர்மன் பயிற்சியாளர் டெட்மார் கிராமர் வாயால் ஆசியாவின் பெலே என்று பெயர் வாங்கினார். எழுபதுகளில் உலகநாதன் போனார். ஒவ்வொருவர் போகும்போதும் சந்தில் அதே பேச்சு: தம்பி இருக்கான்ல.

பிறகு ஒரு காலம் வந்தது, அதை நான் உள்ளிருந்து பார்த்தேன். 1948-ல் தூரவாணி நகரில் தொடங்கிய தொலைபேசி ஆலை ஐடிஐ-யில் நான் பிட்டராகச் சேர்ந்தேன். அங்கேயும் எச்ஏஎல் போன்ற மற்ற ஆலைகளிலும் பந்தாட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்தார்கள். ஆட்டக்காரன் காலையில் பஞ்ச் அடித்துவிட்டு எங்கள் கூடவே ஷாப்பில் நிற்பான், மதியத்துக்குப் பிறகு மைதானம். மாதம் பிறந்தால் சம்பளம், குவார்ட்டர்ஸ், அம்மாவுக்கு வைத்தியச் சீட்டு, ஓய்வுபெறும் வரை கவலையில்லை. கொல்கத்தாவின் புகழைவிட இந்த நிரந்தரம் பெரிதாகத் தெரிந்தது. முதல் முறையாக ஊர் தன் பிள்ளையைத் தக்கவைத்துக்கொள்ள ஒரு கயிறு கிடைத்தது.

பலனைப் பார்க்க நெடுநாள் காத்திருக்கவில்லை. 1977-ல் கொச்சியில் முதல் ஃபெடரேஷன் கோப்பை. இறுதியில் ஐடிஐ, மோகன் பாகானை 1-0 என்று வீழ்த்தியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஈடன் கார்டனில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸை 2-2 என்று நிறுத்திய கிளப் மோகன் பாகான் என்பதை நினைத்துப் பாருங்கள். டெலிபோன் செய்து பிழைத்தவர்கள் அவர்களை ஜெயித்தார்கள். எங்கள் கேன்டீனில் அன்று யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

தொண்ணூறுகளில் பொதுத்துறை ஆலைகளில் ஆளெடுப்பு சுருங்கியது. கயிறு அறுந்தது அங்கேதான். பையன்களின் கால் மாறவில்லை. மைதானத்துக்குப் போகும் பிள்ளையிடம் அம்மா, “ஆடினா என்னடா கிடைக்கும்?” என்று கேட்டால் சொல்வதற்கு இருந்த ஒரே பதில் போய்விட்டது.

2013-ல் பெங்களூரு எஃப்சி பிறந்து, முதல் சீசனிலேயே ஐ-லீக்கை வென்றது. நான் போய்க் கத்தினேன், இன்றும் கத்துகிறேன். 2017 ஜூலையில் ஐஎஸ்எல் கிளப்கள் மும்பையில் உட்கார்ந்து உள்நாட்டு ஆட்டக்காரர்களை வரிசை வைத்துத் தேர்ந்தெடுத்தன. புதிதாக வந்த ஜாம்ஷெட்பூர் முதல் ஆளாக அனஸ் எடத்தொடிகாவை 1.1 கோடிக்கு எடுத்தது. ஒரு காலத்தில் ஒளித்து வைத்து நடந்த காரியம் அன்று மேடை போட்டு நடந்தது, அது நல்லதே. ஆனால் ஆள் கொடுத்து வந்த எங்கள் ஊர், ஆள் வாங்கும் ஊராகிவிட்டது.

2023 மார்ச் 4 அன்று ரியாத்தில் கர்நாடகம் மேகாலயாவை 3-2 என்று வென்று, 54 ஆண்டுக்குப் பின் சந்தோஷ் கோப்பையைக் கொண்டுவந்தது. கோல் போட்டவர்கள் சுனில் குமார், பேக்கே ஓராம், ராபின் யாதவ். ஓராம், யாதவ் என்று கேட்டபோது நான் உலகநாதனையும் அருமைநாயகத்தையும் நினைத்தேன். கொல்கத்தாக்காரர் காதில் அந்தப் பெயர்கள் இப்படித்தானே விழுந்திருக்கும்.

அல்சூர் பக்கம் கௌதமபுரத்தில், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த அந்தத் தெருக்களில், பெலேவுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். மனதார வணங்கத் தக்க சிலை. அதே தெருக்களில் சாரங்கபாணி ராமனுக்கும் அகமது கானுக்கும் ஒரு கல்வெட்டு வேண்டும். 1937-ல் பம்பாய் போய் ஜெயித்த பதினொரு பேரின் பெயர்களும், படிக்கும் உயரத்தில், தமிழிலும் கன்னடத்திலும் உருதுவிலும் பெங்களூர் பந்தாட்ட ஸ்டேடியத்தின் வாசலில் எழுதப்பட வேண்டும். பந்தாட்டச் சங்கத்துக்காரர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதைச் சொல்லிவருகிறேன், இனியும் சொல்வேன்.