கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சூரியன்

நீர்வேலியில் ஓணானை எவரும் வளர்ப்பதில்லை. அது வேலிக் கதியாலில் தானாகவே வளர்கிறது. பல்லி சொன்னால் பலன் பார்ப்பதும், உடும்பு அகப்பட்டால் கறியாக்குவதும், ஈர்க்கில் சுருக்கிட்டுச் சிறுவர் ஓணான் பிடிப்பதும் நம்மவர் அறிந்த உறவுகள். ஆனால், புலம்பெயர்ந்த நம்மவரின் பிள்ளைகள் இலண்டனிலும் ரொரன்ரோவிலும் பல்லிகளைச் செல்லப்பிராணிகளாக வளர்க்கின்றனர். ஊரிலுள்ள பாட்டிமாருக்கு இது வேடிக்கை. எனினும் இதன் பின்னால் ஒரு நீண்ட வரலாறு உண்டு.

உலகின் முதலாவது ஊர்வன இல்லம் 1849இல் இலண்டன் மிருகக்காட்சிச்சாலையில் திறக்கப்பட்டது. வெப்பநாட்டு உயிர்களுக்குச் சூடு தேவை என்பதை அக்காலத்தவர் அறிந்திருந்தனர். சூடு வேறு, சூரியன் வேறு என்பதை அறிய மேலும் எழுபது ஆண்டுகள் சென்றன. அதற்கான திறவுகோல் பல்லிகளிடமிருந்து கிடைக்கவில்லை. நோயுற்ற குழந்தைகளிடமிருந்தே கிடைத்தது. 1919இல் பேர்லின் மருத்துவர் குர்ட் குல்ட்சின்ஸ்கி, எலும்பு வளையும் கணை நோயுற்ற குழந்தைகளை ஊதாக்கடந்த ஒளியால் குணப்படுத்தினார். அவ்வொளி தோலில் படும்போது உடல் விற்றமின் டீயை உருவாக்குகிறது என்பதும், அதுவின்றி உணவிலுள்ள கல்சியம் எலும்பைச் சென்றடையாது என்பதும் பின்னர் தெளிவாயின. இத்துறை ஆய்வுக்காக அடொல்ஃப் விண்டௌஸ் 1928இல் நோபல் பரிசு பெற்றார்.

சாதாரண யன்னற் கண்ணாடி அவ்வொளியின் பயன்தரும் பகுதியைத் தடுத்துவிடும். ஆகவே கண்ணாடிக்குப் பின்னால் வெயில் காயும் பல்லி உண்மையில் வெயில் காய்வதில்லை. இலண்டனில் ஊர்வனவற்றின் பொறுப்பாளராக இருந்த ஜோன் புரொக்டர் என்ற பெண்மணி, 1927இல் திறக்கப்பட்ட புதிய இல்லத்தை வடிவமைத்தபோது, கூட்டின் வெவ்வேறு பகுதிகளை வெவ்வேறு அளவில் சூடாக்கும் மின்வசதியைப் புகுத்தினார். நோயுடன் போராடியபடியே பணிபுரிந்த அவர் 1931இல், முப்பத்து நான்கு வயதில் மறைந்தார்.

அடுத்த படி 1944இல் அமெரிக்காவில் வைக்கப்பட்டது. பல்லிகள் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறிமாறிச் சென்று தமது உடல் வெப்பத்தைத் தாமே சீராக வைத்திருக்கின்றன என்பதை ரேமண்ட் கௌல்சும் சாள்ஸ் போகர்ட்டும் பாலைநிலப் பல்லிகளில் அளந்து காட்டினர். ஆகவே, கூடு முழுவதையும் ஒரே சூட்டில் வைப்பது விலங்கின் தெரிவைப் பறிப்பதாகும்.

இன்றைய வளர்ப்பு விதிகள் யாவும் இவற்றிலிருந்து பிறந்தவையே. பெட்டியின் ஒருபுறம் சூடாகவும் மறுபுறம் குளிர்மையாகவும் இருத்தல் வேண்டும். அவுஸ்திரேலியத் தாடி ஓணானுக்கு வெயில் காயுமிடத்தில் ஏறத்தாழ 40 பாகை செல்சியசும், மறுமுனையில் 25 பாகையளவும் தேவை. ஊதாக்கடந்த ஒளி தரும் விளக்கு வேண்டும். கண்ணுக்கு வெளிச்சம் தெரிந்தாலும் அதன் பயன் காலப்போக்கில் குன்றுவதால், உற்பத்தியாளர் குறிப்பிடும் காலத்தில் அதை மாற்றவேண்டும். வெட்டுக்கிளி, சில்வண்டு போன்றவற்றில் கல்சியம் குறைவு. கல்சியத் தூளிற் புரட்டியே அவற்றைக் கொடுக்கவேண்டும். தாடை மென்மையாதல், கால் வளைதல், உடல் நடுங்குதல் ஆகியன எலும்பு நோயின் அறிகுறிகள். அவற்றைக் கண்டால் தாமதமின்றி விலங்கு வைத்தியரை நாடவேண்டும்.

ஆயினும் நலம் என்பது பெட்டிக்குள் மட்டும் தொடங்குவதன்று. அவ்வுயிர் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்தே தொடங்குகிறது. கூட்டிலேயே பல தலைமுறைகளாகப் பிறந்த சிறுத்தைப் பல்லி வேறு. காட்டிலிருந்து களவாகப் பிடிக்கப்பட்டது வேறு. இது நமது தீவுக்கும் உரிய துயரம். மூக்கு நுனியில் கொம்புடைய ஓணான்களும், மூக்கின்மேல் உருண்டைக் குமிழுடைய ஓணானும் உலகில் இலங்கையில் மட்டுமே வாழ்பவை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருந்தும், அவை வெளிநாட்டுச் சேகரிப்பாளரின் பெட்டிகளுக்குக் கடத்தப்பட்டன. 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் கொழும்பில் நடைபெறவிருந்த அருகிவரும் உயிரின வணிகம் பற்றிய உலக மாநாடு, உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின்பின் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டு, ஓகஸ்டில் நடைபெற்றது. இலங்கை முன்வைத்த கோரிக்கையின்படி இவ்வோணான்கள் அங்கே பாதுகாப்புப் பட்டியல்களில் சேர்க்கப்பட்டன.

எனவே, பல்லி வளர்க்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். இரண்டு கேள்விகளை மட்டும் கேளுங்கள். இது எங்கே பிறந்தது? இதற்குரிய சூரியன் எங்கே?

இரண்டாவது கேள்விக்கான விடையை நீர்வேலியில் எந்தக் காலையிலும் காணலாம். சுண்ணக்கல் மதிலில் ஓணான் வெயில் காய்கிறது. வெப்பம் ஏறியதும் வாழைத்தோட்டத்து நிழலுக்குள் இறங்கிவிடுகிறது. கௌல்சும் போகர்ட்டும் அளந்தது இதைத்தான். விளக்கும் வெப்பமானியும் வாங்கி வெளிநாட்டில் அமைக்கும் அந்தச் சிறு உலகம், இந்த மதிலினதும் நிழலினதும் படி மட்டுமே.