லக்னோவாசி கண்ட லண்டன்

நம் தேசத்துக்கு வந்து போன வெள்ளைக்காரர்கள் நம்மைப் பற்றி எழுதிய புத்தகங்களை அடுக்கினால் ஒரு சத்திரம் நிறையும். நாம் கையால் சாப்பிடுவது, தரையில் உட்காருவது, வெற்றிலை போடுவது எல்லாமே அவர்களுக்கு வேடிக்கை. அவற்றைப் படித்துப் படித்து, நமக்கே நம்மைப் பார்த்தால் கொஞ்சம் சிரிப்பு வரத் தொடங்கிவிட்டது! ஆனால், வேடிக்கை பார்ப்பவர் நம்மவராகவும், பார்க்கப்பட்டது லண்டன் பட்டணமாகவும் இருந்த சமயம் ஒன்று உண்டு.

பார்த்தவர் மிர்ஸா அபூ தாலிப் கான். 1752-ல் லக்னோவில் பிறந்தவர். அயோத்தி நவாபின் சீமையில் வரி வசூல் உத்தியோகம் பார்த்தவர். அந்த உத்தியோகம் போன பிறகு கல்கத்தாவில் கம்பெனி துரைகளின் தயவை நம்பிக் காத்திருந்தார். வாக்குறுதிகளுக்குக் குறைவில்லை, வேலைதான் வரவில்லை. மனம் கசந்திருந்த வேளையில், ரிச்சர்ட்ஸன் என்ற ஸ்காட்லாந்துக் காப்டன் சீமைக்குக் கூட வரும்படி அழைத்தார். 1799 பிப்ரவரியில் கப்பலேறினார் மிர்ஸா. ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து, திப்பு மாண்டதும் அதே வருஷந்தான். நம் நாட்டில் இங்கிலீஷ்காரன் கை ஓங்கிக்கொண்டிருந்த காலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான் இவருடைய சிரிப்பின் துணிச்சல் விளங்கும்.

வழியில் அயர்லாந்தில் இறங்கினார். டப்ளின் நகரத்து ஸ்நான அறையைப் பார்த்ததும் மனிதருக்கு மனசு விட்டுப் போயிற்று. உடம்பு தேய்த்துவிட ஆள் கிடையாது. பூட்ஸ் துடைக்கிற மாதிரி ஒரு குதிரை மயிர்ப் பிரஷ்ஷால் தாமே தேய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. லக்னோ நவாபுகளின் ஹமாமில் குளித்த உடம்பு!

1800 ஜனவரியில் லண்டன் சேர்ந்தார். பத்திரிகைகள் அவரைப் 'பாரசீக இளவரசர்' ஆக்கிவிட்டன. தாம் இளவரசர் இல்லை என்று அவர் சொல்லியும் பயனில்லை. ஜார்ஜ் மன்னரையும் ராணியையும் பேட்டி கண்டார். பெரிய வீடுகளில் விருந்துக்கு மேல் விருந்து. ஆக்ஸ்போர்டு வீதியில் ஒரு பலகாரக் கடையில் அழகான பெண் ஒருத்தி வியாபாரம் செய்தாள். அவளோடு இரண்டு வார்த்தை பேசுவதற்காகவே அந்தக் கடையில் காசு செலவழிக்காமல் தம்மால் அந்தப் பக்கம் போக முடிந்ததில்லை என்று எழுதியிருக்கிறார். நாற்பத்தெட்டு வயசு. போனால் போகிறது என்று விட்டுவிடுவோம்.

பார்லிமெண்டுக்கும் அழைத்துப் போனார்கள். எதிரும் புதிருமான இரண்டு மாமரங்களில் இரண்டு கிளிக்கூட்டங்கள் உட்கார்ந்து ஒன்றையொன்று ஏசிக்கொள்வதுபோல் இருந்ததாம். கூச்சலில் முதல் ஸ்தானம் பிட்டுக்கும் பாக்ஸுக்கும். உலகமே நடுங்கிய அந்த இரண்டு மேதாவிகளை இப்படி மாமரத்தில் ஏற்றி உட்கார வைக்க லக்னோக்காரரால்தான் முடியும்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர் போட்ட நேரக் கணக்கு. தொப்பியிலிருந்து பூட்ஸ் வரையில் ஓர் இங்கிலீஷ் கனவான் தரிப்பது சுமார் 25 உருப்படிகள். அதிலும் காலைக்கு ஓர் உடை, மாலைக்கு ஓர் உடை. ஆகவே உடுத்துவதற்கும், க்ஷவரத்துக்கும், தலை வாருவதற்கும் 2 மணி. காலை ஆகாரம் 1 மணி. பெரிய சாப்பாடு 3 மணி. பெண்களோடு பேச்சு, சங்கீதம், சீட்டாட்டம் 3 மணி. தூக்கம் 9 மணி. கூட்டினால் பதினெட்டு. உத்தியோகம் பார்க்க மிச்சம் ஆறே மணி. பெரிய மனிதர்களுக்கு அதுவும் இல்லை! இந்தியர்கள் சோம்பேறிகள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் ஊரிலேயே உட்கார்ந்து, வரி வசூல் செய்த கையால் போட்ட கணக்கு இது. ஒரு நிமிஷம்கூடத் தள்ளுபடி இல்லை.

தலையும் கையும் காலும் இல்லாத ஒரு பழைய சிலை 40,000 ரூபாய்க்கு விலைபோனதைக் கண்டு அவர் திகைத்துப் போனார். இந்தியப் பிரபுக்கள் பெண்களைப்போல் நகை அணிகிறார்கள் என்று ஏளனம் செய்பவர்கள், வெறுங்கல்லுக்கு இவ்வளவு பணத்தை வீசுகிறார்களே என்று அவருக்கு ஆச்சரியம். சிற்ப ரஸிகர்கள் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும், நகையை அவசரத்துக்கு அடகாவது வைக்கலாமே!

குறைகளை மட்டும் சொன்னார் என்று எண்ண வேண்டாம். அவர்களுடைய நல்ல குணங்களையும் தாராளமாக எழுதினார். ஆனாலும் குறைகள் பன்னிரண்டு என்று எண்ணி வைத்தார். பணத்தாசை, கர்வம், சுகவாழ்வு என்று வளர்ந்து, பன்னிரண்டாவதாக வருவது பிற தேசத்தார் வழக்கங்களை இகழ்வது. மற்றக் குறைகளை வேடிக்கையாகப் பார்த்தவருக்கு இது மட்டும் உறைத்திருக்க வேண்டும். கையால் சாப்பிடுவதைப் பற்றி ஒரு சமயம் பரிகாசம் செய்தார்கள். கத்தியும் முள்ளும் இல்லாததால் நம்மையோ பக்கத்தில் இருப்பவரையோ குத்திவிடும் பயம் இல்லை என்று தொடங்கிய மிர்ஸா, லண்டனில் பாதி ரொட்டிக்கு மாவு மிதிப்பது ரொட்டிக்கடைப் பையனின் கால்கள்தானே, அந்தக் கால்களைவிட என் கை சுத்தமானது என்று முடித்தார்.

சிரித்தவருக்கு வயிற்றுப்பாடும் இருந்தது. லண்டனில் பாரசீகப் பாடசாலை ஒன்று நடத்த விரும்பினார், மந்திரிகள் இழுத்தடித்தார்கள், காரியம் கைகூடவில்லை. 1802-ல் புறப்பட்டு, பாரிஸ், கான்ஸ்டாண்டிநோபிள், பாக்தாத் வழியாக 1803-ல் கல்கத்தா திரும்பினார். யாரைக் கேலி செய்தாரோ அவர்களிடமே மறுபடியும் உத்தியோகத்துக்குப் போய் நிற்க வேண்டியிருந்தது. அப்படியிருந்தும் பன்னிரண்டில் ஒன்றையும் அவர் அடிக்கவில்லை. பாரசீக மொழியில் எழுதிய யாத்திரைப் புத்தகத்தில் அவ்வளவையும் வைத்துவிட்டு, சில வருஷங்களில் காலமானார்.

அந்தப் புத்தகத்தைச் சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர் இங்கிலீஷில் மொழிபெயர்த்து, 1810-ல் லண்டனிலேயே வெளியிட்டார். காலை ஆகாரத்தின்போது அதைப் பிரித்த கனவான்கள், அன்றைய ரொட்டியை என்ன செய்தார்களோ!